பெரிய கேம் டவுன்லோட் போட்டால் நெட் அறுந்துபோகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2, பால்டர்ஸ் கேட் 3 போன்ற கேம்கள் கணினியில் 150 ஜிபி இடம் கேட்கின்றன. 100 எம்பிபிஎஸ் இணைப்பில் கொஞ்சமும் குறையாமல் முழு வேகம் கிடைத்தாலும் 150 ஜிபி இறங்க 3 மணி 20 நிமிடம் ஆகும். அவ்வளவு நேரமும் வைஃபை, ரவுட்டர், அடாப்டர், வெளியிலிருந்து வரும் ஃபைபர் எல்லாம் ஒரே சமயத்தில் முழுப் பாரம் சுமக்கின்றன. மற்ற நாட்களில் வெளியே தெரியாத பலவீனம் அப்போதுதான் தெரியும்.

வீட்டில் ஃபைபர் இணைப்பும், நிறுவனம் கொடுத்த ஒரு ரவுட்டரும் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எல்லாப் பதில்களுக்கும் அடியில் இருப்பது ஒரே வேண்டுகோள்: நெட் போனதும் ரவுட்டரை அணைத்துப் போடாதீர்கள். எது போனது என்று இரண்டு நிமிடம் பாருங்கள், அப்புறம் அணையுங்கள். அணைத்தால் நெட் திரும்பி வரும், ஆனால் ஏன் போனது என்பதற்கான தடயம் அதோடு அழிந்துவிடும். நாளை அதே நேரம் அதே இடத்தில் மறுபடி நிற்பீர்கள்.

யூடியூப், ஓடிடி எல்லாம் தடையில்லாமல் ஓடுகிறது. கேம் இறக்கும்போது மட்டும் ஏன் இப்படி?

வீடியோ பார்ப்பது இணைப்புக்கு அவ்வளவு பெரிய வேலை இல்லை. 4கே படத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்பதே 15 எம்பிபிஎஸ்தான். அதுவும் சில நொடிகளுக்கான பகுதியை இழுத்துக்கொண்டு, கொஞ்சம் ஓய்ந்து, அடுத்ததை இழுக்கும். ஸ்டீம், எபிக் போன்ற செயலிகள் அப்படி இல்லை. ஒரே நேரத்தில் பல இணைப்புகளைத் திறந்து, கிடைக்கிற வேகம் முழுவதையும் மணிக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். அதனால் "மற்றதெல்லாம் ஓடுகிறதே, அப்புறம் லைனில் என்ன கோளாறு இருக்க முடியும்" என்ற முடிவுக்கு உடனே வர முடியாது. மற்றவை லைனைச் சோதிக்கவே இல்லை.

எது அறுபடுகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் செய்ய நேரம் இருந்தால் இதைச் செய்யுங்கள். விண்டோஸ் கணினியில் கமாண்ட் பிராம்ப்ட்டை இரண்டு முறை திறந்து பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். முதலாவதில் ஆங்கிலத்தில் பிங் என்று அடித்து, இடைவெளி விட்டு 192.168.1.1, மறுபடி இடைவெளி விட்டு ஒரு சிறு கோடும் டி என்ற எழுத்தும் அடித்து என்டர் தட்டுங்கள். அது உங்கள் ரவுட்டரை நொடிக்கு ஒருமுறை கூப்பிட்டுப் பார்க்கும். ரவுட்டர் முகவரி வேறாக இருந்தால், அதன் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். இரண்டாவதில் அதே கட்டளையை 8.8.8.8 என்ற முகவரிக்குக் கொடுங்கள். அது கூகுளின் சர்வர், அதாவது வெளியுலகம். இரண்டும் ஓடிக்கொண்டிருக்கும்போது டவுன்லோடைத் தொடங்குங்கள்.

ரவுட்டர் 1 முதல் 5 மில்லிசெகண்டில் பதில் தர, வெளியே போகும் பிங் மட்டும் 20-லிருந்து 400, 800 என்று ஏறி, ஆனால் பதில் வந்துகொண்டே இருந்தால், இணைப்பு அறவில்லை. நெரிசலில் திணறுகிறது. இது மிகவும் பரவலான பிரச்சினை, கைக்காசு செலவில்லாமல் தீரக்கூடியதும் இதுதான்.

ரவுட்டர் ஒழுங்காகப் பதில் தருகிறது, வெளியே போவது மட்டும் ஒரேயடியாக நின்று ஒன்றிரண்டு நிமிடம் கழித்து வருகிறது என்றால், ஃபைபரிலோ நிறுவனத்தோடு உள்ள லாகின் இணைப்பிலோ கோளாறு. ரவுட்டரின் பிங்கே தடுமாறினால் வைஃபையையோ கேபிளையோ பாருங்கள். இரண்டும் சேர்ந்து நின்று, ரவுட்டரின் விளக்குகளும் அணைந்து மறுபடி எரிந்தால் ரவுட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. அந்த நிலையில் அடாப்டரும் சூடும்தான் முதல் சந்தேகம்.

என்னிடம் பிஎஸ்5 மட்டும்தான் இருக்கிறது, கணினி இல்லை. என்ன செய்வது?

போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு வைஃபையில் இருங்கள். நெட் நின்ற அந்த நிமிடமே பிரௌசரில் 192.168.1.1 திறக்கிறதா என்று பாருங்கள். திறந்தால் வீட்டுக்குள் எல்லாம் சரி, கோளாறு வெளியே. திறக்காவிட்டால் வீட்டுக்குள்தான்.

ரவுட்டர் பக்கத்துக்குள் போய்விட்டேன். அங்கே எதைப் பார்க்க வேண்டும்?

அப்டைம் என்று ஒரு எண் இருக்கும். ரவுட்டர் எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்பதற்கு ஒன்று. இணைய இணைப்பு, அதாவது வான் அல்லது பிபிபி எவ்வளவு நேரமாக இருக்கிறது என்பதற்கு இன்னொன்று. பெரும்பாலான ரவுட்டர்கள் இரண்டையும் தனித்தனியாகக் காட்டும். இந்த இரண்டு எண்ணும் சேர்ந்து நிறையச் சொல்லிவிடும்.

ரவுட்டரின் அப்டைமே பத்து நிமிடம்தான் என்றால் அது ரீஸ்டார்ட் ஆகியிருக்கிறது. ரவுட்டர் பல நாட்களாக ஓடுகிறது, பிபிபி மட்டும் பத்து நிமிடம் என்றால் லாகின் இணைப்பு அறுந்து புதிதாக வந்திருக்கிறது. இரண்டுமே பல நாட்கள் என்றால் வெளி இணைப்பு அறுபடவே இல்லை. வைஃபை அல்லது நெரிசல். பக்கத்திலேயே சிஸ்டம் லாக் இருந்தால் அதை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நிறைய ரவுட்டர்களில் மின்சாரம் நின்றதும் அது அழிந்துவிடும்.

நெரிசல் என்றால் என்ன? நான் காசு கொடுத்த வேகத்தைத்தானே பயன்படுத்துகிறேன்?

நீங்கள் செய்வதில் தவறே இல்லை. பிரச்சினை வரிசையில். ரேஷன் கடையில் ஒருவர் பத்து வீட்டு கார்டுகளோடு முன்னால் நின்றால், ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் மட்டும் வாங்க வந்தவரும் அவர் பின்னால் காத்திருக்க வேண்டியதுதான். ரவுட்டரிலும் நிறுவனத்தின் கருவியிலும் தரவுப் பொட்டலங்கள் அப்படித்தான் வரிசையில் நிற்கின்றன. கேம் டவுன்லோட் அந்த வரிசையை நிரப்பிவிடும். வாட்ஸப் அழைப்பு, இணையதளத்தின் பெயரைத் தேடும் டிஎன்எஸ் கேள்வி போன்ற மிகச் சிறிய பொட்டலங்கள் பின்னால் மாட்டிக்கொண்டு நேரம் கடந்துபோகும். பிரௌசர் "இணைப்பு இல்லை" என்று சொல்லும், ஆனால் டவுன்லோட் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

இதற்கு பஃபர்புளோட் என்று பெயர். வரிசை எவ்வளவு நேரத்தைத் தின்னும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 10 எம்பிபிஎஸ் அப்லோட் உள்ள லைனில் வெறும் 1 எம்பி தரவு வரிசையில் நின்றால் அதைத் தீர்க்க 0.8 நொடி ஆகும். இறக்குவதற்கு அப்லோட் எதற்கு என்று கேட்கலாம். வந்து சேர்ந்த பொட்டலங்களுக்கு "கிடைத்தது" என்று உங்கள் கணினி தொடர்ந்து பதில் அனுப்ப வேண்டும். டவுன்லோட் 100-ம் அப்லோட் 5-ம் கொடுக்கும் திட்டங்களில், யாராவது அதே நேரம் போட்டோ பேக்கப் ஓடவிட்டால் அந்தப் பதில்கள் தடைபட்டு டவுன்லோடே விழுந்துவிடும். கூகுள் போட்டோஸ், ஒன்டிரைவ் இரண்டையும் அந்த நேரத்துக்கு நிறுத்தி வைப்பது நல்லது.

உங்கள் வீட்டில் இது இருக்கிறதா என்று தெரிய ஃபாஸ்ட் டாட் காம் தளத்தில் சோதனை ஓட்டி, கூடுதல் விவரம் என்பதைத் திறங்கள். சும்மா இருக்கும்போது தாமதம் எவ்வளவு, பாரம் ஏறும்போது எவ்வளவு என்று இரண்டு எண் வரும். இரண்டாவது முதலாவதைப் போலப் பல மடங்கு என்றால் இதுதான் காரணம்.

சரி, அதை எப்படித் தீர்ப்பது?

டவுன்லோடின் வேகத்தை உங்கள் லைன் வேகத்தில் 80 சதவீதத்துக்குக் கட்டுப்படுத்துங்கள். ஸ்டீமில் செட்டிங்ஸுக்குள் டவுன்லோட்ஸ் பகுதியில் வேகக் கட்டுப்பாடு இருக்கிறது. எபிக் லாஞ்சரின் செட்டிங்ஸிலும் உண்டு. அலகு மட்டும் கவனம். திட்டத்தின் வேகம் மெகாபிட்டில் சொல்லப்படுகிறது, செயலிகள் பெரும்பாலும் கிலோபைட்டில் கேட்கின்றன. எட்டு பிட் ஒரு பைட். 100 எம்பிபிஎஸ் லைனில் 80 சதவீதம் என்பது நொடிக்கு 10 மெகாபைட், அதாவது 10,000 கிலோபைட். இங்கே 80,000 என்று போட்டால் கட்டுப்பாடு போடாதது மாதிரிதான்.

முன்பு சொன்ன 150 ஜிபி இந்த வேகத்தில் 4 மணி 10 நிமிடத்தில் இறங்கும். ஐம்பது நிமிடம் கூடுதல். அதற்குப் பதிலாக வீட்டில் ஆன்லைன் வகுப்பும், அலுவலக மீட்டிங்கும், ஹாலில் சீரியலும் நிற்காமல் ஓடும். இது மிக நல்ல பேரம் என்பது என் எண்ணம். பலர் முழு வேகத்தை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் இதைத் தவிர்க்கிறார்கள். ஆனால் நடுவில் நாலு முறை அறுந்து மறுபடி தொடங்கும் முழு வேகத்தைவிட, நிற்காமல் ஓடும் 80 சதவீதம் பெரும்பாலும் முன்னாலேயே முடிந்துவிடும்.

கன்சோல்களுக்கு ரவுட்டர் பக்கத்திலேயே அந்தக் கருவிக்கு மட்டும் வேக வரம்பு போடுவது நல்லது. அந்த வசதி உங்கள் ரவுட்டரில் இல்லாவிட்டால் இரவில் ரெஸ்ட் மோடில் இறங்கவிடுங்கள். ஸ்டீமிலும் தானாக வரும் அப்டேட்களுக்கு நேரம் குறித்து வைக்கலாம்.

ரவுட்டரில் க்யூஓஎஸ் என்று ஒன்று இருக்கிறது. அதைப் போட்டால் போதாதா?

போதலாம், போதாமலும் இருக்கலாம். பழைய வகை க்யூஓஎஸ் "இந்தக் கருவிக்கு முன்னுரிமை" என்று மட்டும் சொல்லும், வரிசையின் நீளத்தைக் குறைக்காது. மலிவான ரவுட்டர்களில் அதைப் போட்டதும் சிப்பின் வேக உதவி அணைந்து, எல்லா வேலையும் சிறிய பிராசசர் தலையில் விழும். 300 எம்பிபிஎஸ் லைன் 150-ஐக்கூடத் தாண்டாமல் போகலாம்.

உண்மையில் வேலை செய்வது எஸ்க்யூஎம் என்ற வகை. வரிசையை நீளவிடாமல் பார்த்துக்கொள்ளும் கோடெல் முறையை கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012-இல் வெளியிட்டார்கள். அதிலிருந்து வளர்ந்த எஃப்க்யூ-கோடெல், கேக் இரண்டும் இன்று ஓபன்டபிள்யூஆர்டி என்ற இலவச மென்பொருள் போட்ட ரவுட்டர்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒவ்வொரு இணைப்புக்கும் தனி வரிசை என்பதால் சிறிய பொட்டலம் பெரியதன் பின்னால் நிற்க வேண்டியதில்லை. இதிலும் லைன் வேகத்தில் 85 முதல் 90 சதவீதம் என்று எண் போட வேண்டும். அப்போதுதான் வரிசை நிறுவனத்தின் கருவியில் சேராமல் உங்கள் ரவுட்டரில் சேரும், அதை ஆள முடியும். முழு வேகத்தையே எண்ணாகப் போட்டால் பயனில்லை.

ரவுட்டர் பிங்கே தடுமாறுகிறது. வைஃபைதான் காரணமா?

உறுதிப்படுத்த ஒரு லேன் கேபிள் போதும். கேபிளில் இறக்கிப் பாருங்கள். அறுபடாவிட்டால் வைஃபைதான்.

2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றுதான். அடுக்குமாடிக் குடியிருப்பில் முப்பது வீட்டு ரவுட்டர்கள் அந்த மூன்றைப் பங்கு போடுகின்றன. பெரிய டவுன்லோடுக்கு அந்த அலைவரிசை ஏற்றதல்ல. 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் ரவுட்டரே கருவியை இங்கும் அங்கும் மாற்றும். மாறும் ஒவ்வொரு முறையும் சில நொடிகள் நிற்கும். தனித்தனிப் பெயர் வைத்தால் அந்தத் தொல்லை இல்லை.

5 கிகாஹெர்ட்ஸிலும் ஒரு விஷயம் உண்டு. சேனல் 52 முதல் 144 வரை ரேடார்களோடு பகிரப்படுபவை. ரேடார் போன்ற சிக்னல் கேட்டால் ரவுட்டர் உடனே அந்தச் சேனலைவிட்டு விலக வேண்டும் என்பது விதி. போகும் புதிய சேனலும் அதே பகுதியில் இருந்தால், குறைந்தது 60 நொடி காதுகொடுத்துக் கேட்ட பிறகே பேசலாம். அந்த ஒரு நிமிடம் 5 கிகாஹெர்ட்ஸ் பெயரே பட்டியலில் மறைந்துபோகும். இப்படி நடந்தால் சேனலை 36 முதல் 48 வரை, அல்லது 149 முதல் 161 வரை உள்ளவற்றில் கையால் நிறுத்துங்கள். அகலம் 160 மெகாஹெர்ட்ஸ் என்று இருந்தால் 80 ஆக்குங்கள், ஏனென்றால் 36-இல் தொடங்கினாலும் 160 அகலம் 64 வரை நீண்டு ரேடார் பகுதிக்குள் போய்விடும்.

வெளி ஹார்ட் டிஸ்க்கில் கேம் இறக்கும்போது மட்டும் வைஃபை போகிறது. இதற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்க முடியுமா?

இருக்கிறது. யுஎஸ்பி 3 கேபிளும் அதன் இணைப்பு முனையும் வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலைக் கசியவிடுகின்றன. இதை இண்டெல் நிறுவனமே 2012-இல் அளந்து வெளியிட்டது. டிஸ்க்கில் எழுத எழுத இரைச்சல் கூடும், பக்கத்துத் துளையில் செருகிய வைஃபை டாங்கிள் செவிடாகும். டாங்கிளை ஒரு யுஎஸ்பி நீட்டிப்பு கேபிளில் போட்டு ஒரு முழம் தள்ளி வையுங்கள், அல்லது 5 கிகாஹெர்ட்ஸுக்குப் போங்கள். காரணம் தெரியாமல் இரண்டு மூன்று டாங்கிள் மாற்றி வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இதற்குத் தனிக் கேள்வி.

லேன் கேபிளில்தான் இருக்கிறேன். ஆனாலும் அறுபடுகிறது.

முதலில் இணைப்பு வேகம் என்ன காட்டுகிறது என்று நெட்வொர்க் செட்டிங்ஸில் பாருங்கள். கேபிளுக்குள் நாலு ஜோடிக் கம்பிகள் உண்டு. 1 ஜிபிபிஎஸ் ஓட நாலும் வேண்டும், 100 எம்பிபிஎஸுக்கு இரண்டு போதும். ஒரு ஜோடி அறுந்தாலோ முனையில் கிரிம்ப் தளர்ந்தாலோ வேகம் 100-க்கு இறங்கும், அல்லது இரண்டுக்கும் நடுவே ஊசலாடும். ஊசலாடும் ஒவ்வொரு முறையும் இணைப்பு அறுந்து ஒட்டும். வேறு கேபிள் போட்டுப் பார்ப்பதே சோதனை. கேட் 5இ வகை 100 மீட்டர் வரை 1 ஜிபிபிஎஸ் தாங்கும், வீட்டுக்கு அது போதும்.

கேபிள் நல்லது என்றால் கணினியின் நெட்வொர்க் கார்டு. 2.5 ஜிபிபிஎஸ் வேகமுள்ள இண்டெல் ஐ225-வி சிப்பின் ஆரம்பகாலப் பதிப்புகளில் இணைப்பு தடுமாறும் குறை இருந்தது. அந்தச் சிப் உள்ள மதர்போர்டுகளில் வேகத்தை 1 ஜிபிபிஎஸ் என்று கையால் நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகும். எந்தக் கார்டானாலும் டிவைஸ் மேனேஜரில் மின்சாரம் சேமிக்கும் தேர்வுகளை அணைத்துவிட்டு, டிரைவரையும் புதுப்பித்துப் பாருங்கள்.

ரவுட்டர் தானாக அணைந்து எரிகிறது.

அடாப்டரைத்தான் முதலில் சந்தேகிப்பேன். சும்மா இருக்கும்போது ரவுட்டர் எடுக்கும் மின்சாரம் குறைவு. ரேடியோவும் பிராசசரும் முழுமூச்சில் ஓடும்போது தேவை கூடும். இரண்டு மூன்று வருடம் ஓடிக் களைத்த அடாப்டரால் அப்போது வோல்டேஜைப் பிடித்து வைக்க முடியாது. புதியது வாங்கும்போது பழையதில் அச்சிட்ட வோல்டேஜே இருக்க வேண்டும், பெரும்பாலும் 12 வோல்ட். ஆம்பியர் அதே அளவோ கூடுதலோ இருக்கலாம், குறையக் கூடாது. பின்னின் அளவும் உள்ளே வெளியே உள்ள ப்ளஸ் மைனஸும் பொருந்த வேண்டும். 9 வோல்ட் ரவுட்டரில் 12 வோல்ட்டைச் செருகிவிடாதீர்கள்.

மின்வெட்டுக்காக மினி யுபிஎஸ் வைத்திருந்தால் அதை ஒரு நாள் நீக்கிவிட்டு ரவுட்டரை நேரடியாகச் சுவரில் செருகிப் பாருங்கள். உள்ளே இருக்கும் பேட்டரி வயதானால் இதே கோளாறு வரும். யாரும் அதைச் சந்தேகிப்பதில்லை.

அப்புறம் சூடு. பெரும்பாலான வீட்டு ரவுட்டர்களின் பெட்டியில் இயங்கும் வெப்பநிலை 0 முதல் 40 டிகிரி வரை என்று போட்டிருக்கும். வேலூரிலோ திருச்சியிலோ மே மாதம் வெளியே உள்ள காற்றே 40-ஐத் தொடும். அந்த நாளில் மூடிய டிவி அலமாரிக்குள், செட்டாப் பாக்ஸுக்கு மேலே, தூசி விழாமல் இருக்கட்டும் என்று போட்ட துணிக்கு அடியில் இருக்கும் ரவுட்டர் என்ன பாடுபடும் என்று நினைத்துப் பாருங்கள். துணியை எடுங்கள், திறந்த சுவரில் மாட்டுங்கள். ஒரு சிறிய மேசை மின்விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்துவிட்டு டவுன்லோட் போடுங்கள். அறுபடாமல் ஓடினால் காரணம் கையில் கிடைத்துவிட்டது.

எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக மின்னுகிறது.

ஒளி வரவில்லை. நீங்கள் செய்யக்கூடியது குறைவு. மஞ்சள் அல்லது வெள்ளை ஃபைபர் கம்பி எங்கேயாவது கூராக மடங்கியிருக்கிறதா, சோபாவுக்கு அடியில் நசுங்கியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். முனையைக் கழற்றித் துடைக்க வேண்டாம், விரல் பட்டாலே போதும் அழுக்காகிவிடும். முனைக்குள் கண்ணை வைத்துப் பார்க்கவும் கூடாது.

விளக்கு எரியாமலே ஒளி பலவீனமாக இருக்கவும் வாய்ப்புண்டு. ரவுட்டர் பக்கத்தில் ஆர்எக்ஸ் பவர் அல்லது ஆப்டிகல் பவர் என்று, வந்து சேரும் ஒளியின் வலிமையைச் சொல்லும் ஒரு எண் வரும். மைனஸ் 15 முதல் மைனஸ் 25 டிபிஎம் வரை இருந்தால் நிம்மதி. வீட்டு ஃபைபரில் பரவலாக உள்ள ஜிபான் வகைக் கருவிகளில் மைனஸ் 27 என்பது கேட்கும் எல்லை. மைனஸ் 26.5-இல் தொங்கிக்கொண்டிருக்கும் லைனில் வாட்ஸப் நன்றாகப் போகும், பாரம் ஏற ஏறப் பிழைகள் கூடும். மழைக்குப் பிறகு, கம்பத்தில் யாராவது வேலை பார்த்துப் போன பிறகு, அணில் கடித்த பிறகு இந்த எண் இறங்கும். சரியாக இருக்கும் நாளிலேயே ஒருமுறை குறித்து வைத்தால் பின்னால் ஒப்பிட முடியும். கனெக்டரின் நிறத்தையும் பாருங்கள்: பச்சை முனை பச்சைக்குத்தான், நீலம் நீலத்துக்குத்தான். பச்சையின் முகம் 8 டிகிரி சாய்வாகத் தேய்க்கப்பட்டது; கலந்து செருகினால் ஒளி வீணாகும்.

பிபிபி மட்டும் அறுந்து அறுந்து வருகிறது. ஏன்?

பயனர் பெயர், பாஸ்வேர்டு கொடுத்து இணையும் லைன்களில் உங்கள் ரவுட்டரும் நிறுவனத்தின் சர்வரும் குறிப்பிட்ட இடைவெளியில் "இருக்கிறாயா" என்று கேட்டுக்கொள்ளும். தொடர்ந்து சில கேள்விகளுக்குப் பதில் வராவிட்டால் இணைப்பையே கலைத்துவிடும். டவுன்லோட் நெரிசலில் இந்தச் சின்னக் கேள்விகளும் தொலையலாம். சில சமயம் சர்வர் பழைய லாகினை இன்னும் உயிரோடு இருப்பதாக நினைத்துப் புதியதை ஏற்காமல் சில நிமிடம் இழுக்கும். 80 சதவீதக் கட்டுப்பாட்டைப் போட்டும் அறுந்தால் அது நிறுவனம் தீர்க்க வேண்டிய விஷயம்.

சாயங்காலம் மட்டும் இப்படி. நள்ளிரவில் எல்லாம் நன்றாக ஓடுகிறது.

ஜிபான் ஃபைபரில் நிறுவனத்தின் கருவியிலுள்ள ஒரு போர்ட்டின் மொத்த டவுன்லோட் கொள்ளளவு சுமார் 2.5 ஜிபிபிஎஸ். அதை 32 அல்லது 64 வீடுகள் பகிர்வது சாதாரணம். இரவு ஒன்பது மணிக்கு எல்லோரும் சேர்ந்தால் திணறும். உங்கள் ரவுட்டரை மாற்றுவதால் இது தீராது. இரவில் இறக்குங்கள், அதே சமயம் நேரம் குறித்துப் புகாரும் கொடுங்கள்.

டவுன்லோட் வேகம் திடீரென்று சுழியம் ஆகிறது. ஆனால் மற்ற தளங்கள் திறக்கின்றன.

நெட் போகவில்லை, டிஸ்க் மூச்சு வாங்குகிறது. ஸ்டீம் சுருக்கிய தரவை இறக்கி, விரித்து, எழுதுகிறது. எழுதுவது பின்தங்கினால் இறக்குவதை நிறுத்தி வைக்கும். ஸ்டீமின் டவுன்லோட்ஸ் வரைபடத்தில் நெட்வொர்க்கோடு டிஸ்க் கோடும் வரும்: நெட்வொர்க் சுழியமாகும்போது டிஸ்க் உச்சத்தில் இருந்தால் ரவுட்டரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பழைய ஹார்ட் டிஸ்க்கில் இது சகஜம்.

டிஎன்எஸ்ஸை 1.1.1.1 ஆக மாற்றினால் சரியாகுமா?

அறுபடுவதை அது நிறுத்தாது. நிறுவனத்தின் டிஎன்எஸ் மெதுவாக இருந்தால் தளங்கள் திறப்பது சற்று விரைவாகும், அவ்வளவுதான்.

அன்லிமிடெட் திட்டம்தானே, அளவு தீர்ந்துபோயிருக்குமா?

பல அன்லிமிடெட் திட்டங்களுக்கு மாதம் 3300 ஜிபி என்ற அளவு உண்டு. அதில் 150 ஜிபி கேம்கள் 22 அடங்கும். தாண்டினால் வேகம் மிகவும் குறையுமே தவிர விட்டு விட்டு அறுபடாது. நிறுவனத்தின் செயலியில் ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும்.

நிறுவனம் கொடுத்ததோடு சொந்த ரவுட்டரும் போட்டிருக்கிறேன்.

இரண்டும் 192.168.1.1 என்ற ஒரே முகவரியில் இருந்தால் குழப்பம் வரும். ஒன்றை 192.168.2.1 ஆக மாற்றுங்கள். இன்னும் நல்லது, நிறுவனத்தின் கருவியை பிரிட்ஜ் மோடுக்கு மாற்றித் தரச் சொல்லிவிட்டு, இணையும் வேலையைச் சொந்த ரவுட்டரிடம் கொடுப்பது.

பின்னால் உள்ள சிறு துளையில் ஊசி வைத்து ரீசெட் செய்யலாமா?

வேண்டாம். அதைச் செய்தால் நிறுவனம் போட்டுவைத்த பிபிபி பயனர் பெயர், விலான் எண் போன்ற அமைப்புகள் எல்லாம் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை என்றால் லைன்மேன் வரும்வரை வீடு முழுக்க நெட் இல்லை. ரீஸ்டார்ட் வேறு, ரீசெட் வேறு.

கேமிங் ரவுட்டர் வாங்கிவிடலாமா?

மேலே உள்ளவற்றைப் பார்க்காமல் வாங்காதீர்கள், இதை அழுத்திச் சொல்கிறேன். எட்டு ஆண்டெனாவும் சிவப்பு விளக்கும் மைனஸ் 26 ஃபைபரை ஒன்றும் செய்ய முடியாது. சோதித்த பிறகு ரவுட்டர்தான் பலவீனம் என்று தெளிவானால், எல்லா போர்ட்டும் கிகாபிட்டாக உள்ளதா, எஸ்க்யூஎம் வசதி உண்டா, ஓபன்டபிள்யூஆர்டி ஏற்குமா என்ற மூன்றை மட்டும் பார்த்து வாங்குங்கள்.

நிறுவனத்திடம் எப்படிப் புகார் சொல்வது? போன் செய்தால் "ரீஸ்டார்ட் செய்யுங்கள்" என்றே சொல்கிறார்கள்.

"நெட் ஸ்லோ" என்று தொடங்கினால் அந்தப் பதில்தான் வரும். "லேன் கேபிளில் சோதித்தேன். ரவுட்டர் பிங் 1 மில்லிசெகண்ட், வெளியே டைம்டு அவுட். நேற்று இரவு 9:10-க்கும் 9:40-க்கும் பிபிபி அறுந்தது. ஆர்எக்ஸ் பவர் மைனஸ் 26.5. போன மாதம் மைனஸ் 21 இருந்தது" என்று சொல்லிப் பாருங்கள். எதிரில் இருப்பவர் அடுத்த கட்டத்துக்கு அனுப்பியே ஆக வேண்டும். லைன்மேன் வந்தால் ஃபைபரை ஒட்டிய இடமான ஸ்பிளைஸைப் பார்க்கச் சொல்லுங்கள், ஒரு ஃபைபரைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும் ஸ்பிளிட்டரில் வேறு போர்ட்டுக்கு மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள், அவர் கிளம்பும் முன் ஆர்எக்ஸ் பவரை மறுபடி காட்டச் சொல்லுங்கள். உள்ளூர் கேபிள்காரர் வழியாக எடுத்த இணைப்பு என்றால் அவரிடம் சொல்வதோடு நிறுவனத்திலும் பதிவு செய்து புகார் எண் வாங்குங்கள். எண் இருந்தால்தான் தீராதபோது நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போக முடியும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராயின் 2012 விதிமுறைகள் அந்த உரிமையைக் கொடுத்திருக்கின்றன.

வீட்டில் இரண்டு கணினி. அதே கேமை இன்னொன்றிலும் மறுபடி இறக்க வேண்டுமா?

தேவையில்லை. 2023 முதல் ஸ்டீமில் வீட்டு நெட்வொர்க் வழியாகவே ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு கேமை அனுப்பும் வசதி இருக்கிறது. டவுன்லோட்ஸ் செட்டிங்ஸில் இரண்டு கணினியிலும் அதை அனுமதித்து, இரண்டையும் லேன் கேபிளில் இணைத்துவிட்டு இன்ஸ்டால் கொடுங்கள். வெளி லைனை ஏறக்குறையத் தொடாமலே வந்து சேரும்.